வெயிலும் விடுமுறையும்



"நம்ம ஊருக்குக் கோடைக்காலம் எப்போ வரும், சார்?" என்று நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி ஒருநாள் வகுப்பில் என்னைக் கேட்டாள். அவள் படித்த கதைப் புத்தகத்தில் குளிர்காலம் போய்க் கோடை வந்தது. பிள்ளைகள் பெற்றோருடன் ஊர் சுற்றப் புறப்பட்டார்கள். தன் வீட்டுக்கு அந்தக் காலம் இன்னும் வந்து சேரவில்லையே என்பதுதான் அவளுடைய கேள்வியின் உட்பொருள். அதற்கு நான் வகுப்பில் சொன்ன விடையையும், பிறகு சிந்தித்துப் பார்த்ததையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நமது நாடு பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளது. ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய 12 மணி நேரமே. ஆகையால் மற்ற நாடுகளைப் போல் இங்கே கோடை என்று தனியாக ஒரு பருவம் இல்லை. நமக்கு வாய்த்தவை மழை மிகுந்த மாதங்களும் மழை குறைந்த மாதங்களும்தாம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தீபகற்பத்தின் வட மாநிலங்களிலும், ஜூன், ஜூலை மாதங்களில் மற்றும் பல இடங்களிலும் மழை குறைந்து வெயில் கூடும். 1998-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. 2016-ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெயிலுக்காகவே பள்ளிகளை மூடினார்கள். ஆக, கோடை என்ற பெயர் இல்லாவிட்டாலும் அதன் கடுமை நமக்குப் புதிதன்று.

தோட்டத்து மக்களுக்கு இதை நாட்காட்டி சொல்ல வேண்டியதில்லை; மரமே சொல்லிவிடும். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் இலைகள் பழுத்துச் சிவந்து உதிரும். நிரைகளில் நிழல் போய்விடும். காய்ந்த சருகு காலடியில் நொறுங்கும். மரம் தன் சக்தியைப் புதுத் தளிருக்குச் செலவிடுவதால் பால் குறையும். பால் குறைந்தால் வருமானமும் குறையும் என்பதைப் பால்மரக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டுமா? இன்று பெரும்பாலான தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் உச்சி வெயிலில் குலை வெட்டுகிறவரின் களைப்பு மாறவில்லை. கையில் காசு குறைவு, உடலில் சோர்வு, வீட்டில் பிள்ளைகளின் விடுமுறை. இம்மூன்றும் சேர்ந்து வரும்போது, "நமக்கு எங்கே உல்லாசப் பயணம்!" என்று சொல்லிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

இயற்கை ஒரு கையால் எடுத்ததை மறு கையால் தருகிறது. டுரியான் போன்ற மரங்கள் பூப்பதற்குச் சில வாரங்களாவது மழையற்ற காலம் வேண்டும். பூ பழமாக ஏறத்தாழ மூன்று நான்கு மாதங்கள் ஆகும். அதனால்தான் ஆண்டின் தொடக்கத்தில் வெயில் நன்கு காய்ந்தால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியானும் மங்குஸ்தானும் ரம்புத்தானும் லங்சாட்டும் சந்தையில் குவிகின்றன. நாம் சலித்துக்கொண்ட அதே வெயில்தான் இந்தப் பழங்களை நமக்குக் கொடுத்தது.

இனி, வெயில் காலத்து உணவைப் பார்ப்போம். விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்குக் கடையில் விற்கும் சிவப்பு நிறச் சீனித் தண்ணீரையும் பொட்டலத் தீனியையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். வயிறு நிறைந்ததுபோல் தோன்றும்; உடலுக்கு அதனால் வலு இல்லை. நம் பாட்டிமார்கள் காசு செலவழிக்காமல் வெயிலை வென்றவர்கள். இரவில் மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து, விடியற்காலையில் மோர் கலந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். வீட்டுப் பின்புறத்து முருங்கை கீரையும் காயும் தந்தது. வேலியில் சுரையும் வெள்ளரியும் படர்ந்தன. வாசலில் ஒரு தென்னை நின்றால் இளநீருக்குக் குறைவில்லை. தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலில் நீர்மோரும் பானகமும் ஊற்றிக் கொடுக்கிறோமே, அதில் பக்தியோடு உடல்நல அறிவும் கலந்திருக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழையது நல்லது என்பதற்காகக் கெட்டுப்போனதை உண்ணக் கூடாது. சோறு ஆறியவுடன் காலந்தாழ்த்தாமல் நீரூற்றி மூடி வைக்க வேண்டும். காலையில் வழவழப்போ தீய வாடையோ இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த உணவு வெயிலில் விரைவில் ஊசிப்போகும். எனவே வெளியே செல்லும் நாளில் நாசி லெமாக்கையும் தேங்காய்ச் சட்னியையும் விடப் புளிச்சோறே நம்பத்தக்கது. புளியும் நல்லெண்ணெயும் சேர்ந்திருப்பதால் எளிதில் கெடாது. வாழையிலையை வாட்டிப் பொட்டலமாகக் கட்டி, கூடவே பொரித்த நெத்திலியும் வெள்ளரித் துண்டுகளும் எடுத்துக்கொண்டால் ஒரு குடும்பத்தின் பகல் உணவு முடிந்தது.

பிள்ளைகளுக்குத் தாகம் எடுக்கும் வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். வெயிலில் நின்ற பிள்ளை தலை சுற்றுகிறது என்றால் உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் சிறு தேக்கரண்டியால் சமமாக 6 கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு மாறக் கூடாது.

அடுத்து, விடுமுறைக்கு வருவோம். இதில் என் மனத்தைத் தைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் கோல லங்காட் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் பணியாற்றினேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், 'நான் விடுமுறையைக் கழித்த விதம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் கடற்கரைக்குப் போனதாக அழகாக எழுதியிருந்தான். நீலக் கடல், மலைபோன்ற அலை, வெண்மணல் எல்லாம் இருந்தன. இறுதியில், எல்லாப் பிள்ளைகளும் எழுதுவதுபோல், மாலையில் மகிழ்ச்சியுடன் வீடு திரும்பியதாக முடித்திருந்தான். "எந்தக் கடற்கரை?" என்று கேட்டேன். தலை குனிந்தான். அவன் கடலைப் பார்த்ததே இல்லை. தோட்டத்திலிருந்து மோரிப் கடற்கரை 20 கிலோமீட்டர்கூட இராது!

அன்று மாலை அவன் தந்தையைப் போய்ப் பார்த்தேன். நல்ல உழைப்பாளி. "ஓய்வு நாள்லகூட வேலைக்குப் போனாத்தான் சார் கட்டுப்படியாகுது. லீவு எடுத்து எட்டு வருசமாச்சு" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பை உரிமையாக்கியிருக்கிறது. ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 16 நாள். வார ஓய்வு நாளும் பொது விடுமுறைகளும் இதில் சேரா. தொழிற்சங்க உடன்பாட்டில் இதைவிடக் கூடுதல் இருந்தால் அதையே பெறலாம். உரிய காலத்தில் எடுக்காவிட்டால் இந்த உரிமை கைநழுவிப் போகவும் கூடும். எனவே பள்ளி விடுமுறைத் தேதி தெரிந்தவுடன் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். விடுப்பு யாரும் போடும் பிச்சையன்று. நம் உழைப்பின் ஒரு பகுதி.

அடுத்த விடுமுறையில் பெற்றோர் சிலர் சேர்ந்து பள்ளிப் பேருந்தை வாடகைக்கு அமர்த்தினார்கள். செலவைப் பங்கிட்டதில் எவருக்கும் பாரமில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் சோற்றுப் பொட்டலம் வந்தது. அந்தத் தந்தையும் ஒரு நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தார். மோரிப்பில் இறங்கியதும் பையன் சுற்றுமுற்றும் பார்த்து, "கடல் எங்கே, சார்?" என்றான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறுதான்! நாங்கள் போனது நீர் வற்றிய நேரம். அங்கே கரை சமதளமானது. நீர் இறங்கினால் வெகுதூரம் போய்விடும்.

பிள்ளைகள் முகம் வாடியது. ஆனால் அதுவே நல்ல பாடமாயிற்று. நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குவதையும், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே சுமார் 6 மணி நேரம் ஆவதையும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம் என்பதையும் சேற்றைக் காட்டியே விளக்கினேன். பெரியவர் ஒருவர், ஜப்பானியர் சரணடைந்தபின் 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் இதே கரையில் இறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்த கதையைச் சொன்னார். நண்டு வளைகளைப் பிள்ளைகள் எண்ணினார்கள். மர நிழலில் புளிச்சோறு உண்டு முடிப்பதற்குள் நீர் மெல்ல மெல்லக் கரையை நோக்கி வந்தது. தந்தையும் மகனும் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் நீரில் நெடுநேரம் நின்றார்கள்.

பள்ளி திறந்ததும் மாணவன் மறுபடி கட்டுரை எழுதினான். "கடல் நீலமாக இல்லை. பழுப்பாக இருந்தது. நாங்கள் போனபோது அது வீட்டில் இல்லை. பிறகு வந்தது. அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை" என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருந்தன. இருந்தாலும் முழு மதிப்பெண் கொடுத்தேன். அது அவன் கண்டது.

நேயர்களே, இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். விமானம் ஏறினால்தான் விடுமுறை என்று எண்ண வேண்டாம். பேராக்கில் இருப்பவர்களுக்குத் தைப்பிங் ஏரிப் பூங்கா இருக்கிறது. ஈயம் தோண்டிய பள்ளமே 1880-ஆம் ஆண்டில் பூங்காவாக மாறியது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி உண்டு. கோல சிலாங்கூர் ஆற்றோரம் இரவில் மின்மினிகள் மரத்தையே விளக்காக்கும். நெகிரி செம்பிலானுக்குப் போர்ட்டிக்சன் கடற்கரை. ஆறு, அருவிக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கலாகாது: மேலே மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடம் வெயிலாக இருந்தாலும் திடீரென வெள்ளம் பாயும். நீர் கலங்கினாலும், சருகும் குச்சியும் மிதந்து வந்தாலும் உடனே பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள்.

எங்கும் போக வசதி இல்லையா? மாலையில் பாயை விரித்து, வீட்டார் அனைவரும் உட்கார்ந்து ஒரு கூடை ரம்புத்தானைத் தின்னுங்கள். உங்கள் சிறுவயதுக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதுவும் விடுமுறைதான்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அம்மா, நம் ஊருக்குக் கோடை தனியாக வராது. அப்பாவும் அம்மாவும் ஒரு நாள் வேலையை விட்டு உங்களோடு இருக்கும்போது வந்துவிடும்." அவள் சொன்னது: "அப்படின்னா வீட்டுல சொல்லிடுறேன், சார்."

அவள் சொல்லியிருப்பாள். மற்றப் பிள்ளைகளின் சார்பாக நான் உங்களிடம் சொல்லிவிட்டேன்.