மாத்திரைக்கு மட்டும் தனிக்குடித்தனம்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை. நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் நூலகத்துப் பின்னறையில் நான் மடிக்கணினியைத் திறப்பதற்குள் அண்ணாச்சி மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்துவிட்டார். ஆரஞ்சு நிற மாத்திரைக் குப்பிகள் ஏழு, ஊரிலிருந்து வந்த அட்டைகள் நான்கு, கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து. பின்னாலேயே அவர் மனைவி, தன் மாத்திரைகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு.

“எதிர்வீட்டுக்காரர் ஒரு பிளான் எடுத்திருக்காராம். மாசக் கட்டணம் ரொம்பக் கம்மியாம். அதையே எங்க ரெண்டு பேருக்கும் போட்டு விட்டுரும்மா. சோலி முடிஞ்சிரும்லா?”

இருபத்தைந்து வருடம் மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக நின்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, மெடிகேரில் இருக்கும் பெரியவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறேன். ‘எது நல்ல பிளான்?’ என்றுதான் எல்லோரும் கேட்டு வருகிறார்கள். நம் ஊரில் ரேஷன் கார்டு குடும்பத்துக்கு ஒன்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் குடும்பத்துக்கு ஒன்று. அந்தப் பழக்கத்தில் கேட்பது நியாயம்தான். ஆனால் மெடிகேரின் மருந்துக் காப்பீட்டில் குடும்பக் கணக்கு கிடையாது. ஆளுக்கு ஒன்று.

1965இல் அமெரிக்க முதியோருக்காக மெடிகேர் வந்தபோது, வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளுக்கு அதில் இடமில்லை. 2003 டிசம்பரில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட சட்டம்தான் அந்தக் குறையைத் தொட்டது. 2006 ஜனவரி 1 முதல் ‘பார்ட் டி’ நடைமுறைக்கு வந்தது. சட்டமும் பெரும்பங்குப் பணமும் அரசுடையவை. திட்டங்களை நடத்துவது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். எந்த மருந்துக்கு எவ்வளவு தருவோம் என்று ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியல் வருடாவருடம் மாறும்.

முதல் சில வாரங்கள் எனக்கு இன்னும் கண்முன் நிற்கின்றன. ஏழை முதியவர்கள் பலருடைய பெயர் கணினியில் ஏறவில்லை. கடிதத்தைக் கையில் பிடித்தபடி கவுன்டரில் நின்றார்கள். பல மாநிலங்கள் தற்காலிகமாகத் தங்கள் பணத்தைப் போட்டுச் சமாளித்தன. அது ஓய்ந்த பிறகு ‘டோனட் ஓட்டை’ வந்தது. வருடத்து மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டினால் 5,100 டாலர் வரை முழுவதையும் நோயாளியே கட்ட வேண்டியிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்று அந்த ஓட்டை இல்லை. 2022இல் வந்த சட்டம் நோயாளியின் கைச்செலவுக்கு உச்சவரம்பு போட்டது. 2025இல் அது 2,000 டாலர், 2026இல் 2,100. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் இல்லை. அக்கி போன்றவற்றுக்கான தடுப்பூசி இலவசம். ரத்தம் உறையாமலிருக்க அண்ணாச்சி சாப்பிடும் எலிக்விஸ் உட்படப் பத்து மருந்துகளுக்கு அரசே பேரம் பேசி முடித்த விலை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது. ஜனவரியிலேயே பெரிய தொகை கட்ட முடியாதவர்கள் அதை மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டலாம். காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டால்தான் கிடைக்கும்.

“அப்போ எந்த பிளான் எடுத்தா என்ன? 2,100-க்கு மேல போகாதே?” என்றார் அண்ணாச்சி.

கேள்வி கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் அந்த வரம்பு, திட்டத்தின் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு மட்டும். பட்டியலில் இல்லாததை வாங்கினால் ஒரு டாலர்கூடக் கணக்கில் சேராது. மாதக் கட்டணமும் சேராது.

புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதினோம். பெயர் மட்டும் போதாது. மில்லிகிராமும் எண்ணிக்கையும் வேண்டும். மெட்டோப்ரோலால் டார்ட்ரேட் வேறு, சக்சினேட் வேறு. மாற்றிப் போட்டால் கணக்கே தப்பிவிடும். ஊர் அட்டைகளைத் தனியே வைத்தேன். கிளைகோமெட், தைரோநார்ம் என்றால் இங்குள்ள கணினிக்குத் தெரியாது. மெட்பார்மின், லீவோதைராக்சின் என்று மாற்றித்தான் போட வேண்டும்.

மெடிகேர் இணையதளத்தில் பட்டியலையும் கடையின் பெயரையும் கொடுத்ததும், வருட மொத்தச் செலவு வரிசையாக வந்தது. எதிர்வீட்டுக்காரரின் திட்டம் மாதக் கட்டணத்தில் முதலிடம். ஆனால் அண்ணாச்சியின் கண் சொட்டு மருந்து அதன் பட்டியலிலேயே இல்லை. இன்னொரு திட்டத்தில் மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதல், வருடக் கணக்கில் குறைவு. அவர் போகும் கடையை விட்டு எதிர்ச்சாரியில் உள்ள கடையில் வாங்கினால் இன்னும் குறைவு. மதினி சாப்பிடுவதோ எல்லாமே மலிவான ஜெனரிக் மாத்திரைகள். அவருக்குத்தான் எதிர்வீட்டுத் திட்டம் சரியாகப் பொருந்தியது!

மதினிக்கு வேறொரு சிக்கல் இருந்தது. மெடிகேர் கிடைத்த பிறகும், ‘ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த மாத்திரை இருக்கே’ என்று மருந்துத் திட்டத்தில் சேராமல் 36 மாதம் ஓட்டிவிட்டார். இணையான வேறு காப்பீடு இல்லாமல் தள்ளிப்போட்டால், மாதத்துக்கு 1 சதவீதம் என்று அபராதம் ஏறும். 2026க்கான அடிப்படைக் கட்டணம் 38.99 டாலர், அதில் 36 சதவீதம், மாதம் ஏறக்குறைய 14 டாலர். திட்டத்தில் இருக்கும் காலம் முழுவதும், ஆயுளுக்கும் கட்ட வேண்டும்.

“மூணு வருசம் மிச்சம் பிடிச்சதா நெனச்சேன்” என்றார் மதினி மெல்ல.

வருமானம் குறைந்தவர்களுக்கு ‘எக்ஸ்ட்ரா ஹெல்ப்’ என்ற மத்திய அரசு உதவி உண்டு. அது கிடைத்தால் இந்த அபராதமும் போகும். நியூ ஜெர்சியில் கூடுதலாக ‘பி.ஏ.ஏ.டி.’ என்ற மாநில அரசு உதவி இருக்கிறது, தகுதியுள்ளவர்கள் ஜெனரிக் மருந்துக்கு 5 டாலர், பிராண்டு மருந்துக்கு 7 டாலர் கொடுத்தால் போதும். மகன் வீட்டில் இருக்கிறோமே, நமக்கெங்கே என்று பலர் விண்ணப்பிப்பதே இல்லை. பார்க்கப்படுவது கணவன் மனைவி இருவரின் வருமானம், மகனுடையது அல்ல. அன்றே இரண்டு விண்ணப்பங்களையும் நிரப்பினோம்.

கிளம்பும் முன் மூன்று விஷயம் சொன்னேன். செப்டம்பர் இறுதிக்குள் நிறுவனத்திலிருந்து மாற்ற அறிவிப்புக் கடிதம் வரும். குப்பையில் போடக் கூடாது. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரைதான் திட்டம் மாற்றும் காலம். போனில் யார் கூப்பிட்டு மெடிகேர் எண் கேட்டாலும் சொல்லக் கூடாது. உதவி வேண்டுமென்றால் ‘ஷிப்’ என்ற இலவச ஆலோசனைத் திட்டம் எல்லா மாநிலத்திலும் உண்டு. அங்கே யாரும் எதையும் விற்பதில்லை.

அண்ணாச்சி குப்பிகளைப் பைக்குள் போட்டார். மதினி தன் டப்பாவை மூடினார்.

“அம்பத்தோரு வருசம் ஒரே அடுப்பு” என்றார் அண்ணாச்சி. “மாத்திரைக்கு மட்டும் தனிக்குடித்தனம் வச்சிட்டியே தாயி.”

“அடுத்த வருசமும் வாங்க அண்ணாச்சி. பட்டியல் மாறியிருக்கும்.”

“பையோட வரணுமோ?”

“ரெண்டு பையோட.”