சிறுவாட்டுப் பணம்



சிறுவாடு என்றால் என்னவென்று நம் கொங்குச் சீமையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மோர் விற்ற காசு, முட்டை விற்ற காசு என்று வீட்டுப் பெண்கள் அரிசிப் பானைக்குள் ஒதுக்கி வைக்கும் பணம். தோட்டத்து வரும்படி நோட்டில் ஏறும். இது எந்த நோட்டிலும் ஏறாது. ஆனால் கிணற்று மோட்டாரில் காயில் கருகிப்போன அன்றைக்கு, வட்டிக் கடைக்குப் போகாமல் காப்பாற்றியது எத்தனையோ வீடுகளில் இந்தப் பணம்தானுங்க.

இந்தக் காசு எங்கே கிடக்கிறது? பெரும்பாலும் காலடியில்தான் கிடக்கிறது.

வேப்பமரத்தைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பழம் கொட்டுகிறது. மிதித்துக்கொண்டு போகிறோம். மரத்தடியைக் கூட்டி, பழைய சாக்கை விரித்துவிட்டு, தினமும் காலையில் பொறுக்குங்கள். மழையில் நனைந்து நாலு நாள் கிடந்த கொட்டையில் பூசணம் பிடித்துவிடும். எண்ணெய் ஆட்டுகிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, சணல் சாக்கில் கட்டி வையுங்கள். விற்க வேண்டும் என்பதுகூட இல்லை. 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, 100 லிட்டராகப் பெருக்கிக்கொள்ளுங்கள். பூச்சி தலைகாட்டும்போதே சாயங்கால வெயிலில் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் மருந்தின் வீரியம் போய்விடும். மருந்துக் கடைக்கு ஒரு நடை மிச்சமானாலும் அதுவும் வரவுதானே?

அடுத்தது பால். சங்கத்தில் வெறும் லிட்டர் கணக்குக்கு விலை போடுவதில்லை. கொழுப்பையும் கொழுப்பில்லாத மற்றச் சத்தையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். மாட்டின் மடியில் முதலில் இறங்கும் பால் நீர்த்தது. கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம். நாலு வீட்டுக்கு ஓடுகிற கறவைக்காரர் அவசரத்தில் அந்தக் கடைசிப் பாலை விட்டுவிட்டு எழுந்துபோனால், நஷ்டம் யாருக்கு? ஒட்டக் கறக்கச் சொல்லுங்கள். கன்றுக்கு விட வேண்டியதை விடத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் கறக்காமல் மடியில் தேங்குகிற பாலால் மடிநோய்தான் வரும்.

காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு வெள்வேலங்காயைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடுகள் விரும்பித் தின்னும். உதிர்கிறபோது கூட்டிச் சேர்த்து வைத்தால், புல் காய்ந்த மாதங்களில் தீவனச் செலவு குறையும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைக்காரர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். காய் விலை பேசும்போதே, ‘மட்டை யாருக்கு?’ என்று கேட்டுவிடுங்கள். நாரும் நார்க்கழிவும் வெளிநாடு போகிற காலம் இது. மட்டையைச் சும்மா தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

சேர்ப்பது இப்படி. ஆனால் சேர்த்ததை எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஜனங்கள் ஏமாந்துபோகிறார்கள். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியில் கட்ட அந்த டிசம்பர் 30 வரைதான் கெடு. மூன்று வருஷம் கழித்து, 2019 நவம்பரில், திருப்பூர் மாவட்டத்தில் வயதான அக்கா தங்கை இருவர் பத்திரமாக வைத்திருந்த பணத்தை வெளியே எடுத்தார்கள். 46,000 ரூபாய். அத்தனையும் பழைய நோட்டு. நோட்டு மாறிய சேதியே அவர்களுக்குத் தெரியாது. பணம் இருக்கிற சேதி வீட்டாருக்குத் தெரியாது. சிறுவாட்டின் பலமே யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான். அன்றைக்கு அதுவே வினையாகப் போச்சு.

வங்கிப் புத்தகத்தையும் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளலாம், தாய்மார்களே. 2014இல் வந்த ஜன் தன் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. தபால் ஆபீசில் மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்புக் கட்டலாம். 5 வருஷக் கணக்கு. 12 தவணை கட்டிய பிறகு, அவசரத்துக்கு இருப்பில் பாதி வரை கடனும் வாங்கலாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். வாரிசு நியமனம் மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள். அதிக வட்டி என்று யாராவது வீடு தேடி வந்தால், 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்கள் பட்ட பாட்டை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. காலமான அப்பாரு, ஆத்தாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பாஸ் புத்தகம் இருக்கிறதா? 10 வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். போனாலும் அது உங்கள் பணம்தான். வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். இதைத் தேடிப் பார்க்க ‘உத்கம்’ என்ற இணைய வசதியை 2023இல் ரிசர்வ் வங்கி திறந்திருக்கிறது. வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்லும். புத்தகத்தில் உள்ள வங்கியின் பெயரே இன்றைக்கு இல்லையென்றாலும் கவலைப்படாதீர்கள். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு சேர்ந்துவிட்டது; அந்தப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அங்கேதான் கேட்க வேண்டும். போகும்போது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் ஆதார் அட்டை மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.