ஆட்நாவும் இனிஷியலும்: நம் பெயர்களின் கதை

புனேயில் வந்து இறங்கிய எந்தத் தமிழரும் முதல் மாதத்திலேயே சந்திக்கும் மராத்திக் கேள்வி ஒன்று உண்டு. "துமச்ச ஆட்நாவ் காய்?" உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று அர்த்தம். ரேஷன் கடை, பள்ளிக்கூட அட்மிஷன், பாங்கு, எங்கே போனாலும் பாரத்தில் மூன்று கட்டம்: தன் பெயர், தகப்பனார் பெயர், ஆட்நாவ். நமக்கு இரண்டு கட்டம்தான் நிரம்பும். மூன்றாவதில் சிலர் ஊர்ப் பெயரை எழுதினார்கள், சிலர் சாதிப் பட்டத்தை, பலர் அப்பா பெயரையே மறுபடியும். அவசரத்தில் எழுதியது பிள்ளைகளின் சர்டிபிகேட்டில் ஏறி பாஸ்போர்ட் வரைக்கும் போய்விட்டது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம் என்றுதான் இக்கட்டுரை. நான் கல்லூரியில் தமிழ் படித்தவன் அல்ல, கடை வியாபாரி. பில் போடும்போது கேட்ட பெயர்களும் ராத்திரியில் படித்த புத்தகங்களும்தான் என் மூலதனம்.

மராத்தியரின் ஆட்நாவ்

மராத்திக் குடும்பப் பெயர்களைப் பெரும்பாலும் மூன்று மூட்டையாகக் கட்டிவிடலாம். முதல் மூட்டை ஊர்ப் பெயர். ஊருக்குப் பின்னால் 'கர்' சேர்த்தால் அந்த ஊர்க்காரர். கோவாவில் உள்ள மங்கேஷி என்ற ஊரிலிருந்து வந்ததுதான் மங்கேஷ்கர். அண்ணல் அம்பேத்கரின் முன்னோர் ஊர் ரத்னகிரி மாவட்டத்து அம்பாவடே. அதனால் அம்பாவடேகர், பிறகு அம்பேத்கர்.

இரண்டாவது, உத்தியோகம். கிராமக் கணக்கர் குல்கர்ணி. பல கிராமங்கள் சேர்ந்த பகுதிக்குக் கணக்கர் தேஷ்பாண்டே. ஊர்த் தலைவர் பாட்டில். நாணயத்தைச் சோதித்துத் தருபவர் போத்தார். கடிதம் எழுதுபவர் சிட்னிஸ். பேஷ்வா காலத்து நானா பட்னவீஸ் பெயரில் இருக்கும் 'பட்னவீஸ்' கூடக் கணக்கு வழக்கு உத்தியோகம்தான்.

மூன்றாவது மூட்டைதான் வேடிக்கை. வாக் என்றால் புலி, வாக்மாரே என்றால் புலியைக் கொன்றவர். காளே கறுப்பு, கோரே சிவப்பு. லோகண்டே இரும்பு, தாம்பே செம்பு. சகஸ்ரபுத்தே என்றால் ஆயிரம் புத்தி உடையவர்! யாரோ ஒரு பாட்டனாருக்கு ஊர் வைத்த பட்டப் பெயர் பல தலைமுறைக்குச் சொத்தாகிவிட்டது.

எங்கள் வியாபார வட்டத்திலும் இப்படித்தான். கோட்டாரி தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். பண்டாரி பண்டகசாலைக்காரர். சராஃப் பணம் மாற்றுபவர். காந்தி என்பது வாசனைச் சரக்கு வியாபாரி. ஓஸ்வால் என்பது ராஜஸ்தானத்து ஓசியான் என்ற ஊரால் வந்தது. பெரிய சங்கத்தை யாத்திரைக்கு அழைத்துப்போனவர் வம்சம் சங்வி.

இந்த இடத்தில் எங்கள் சமூகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "நீங்கள் ஜைனர் என்றால் பெயருக்குப் பின்னால் ஜெயின் என்று ஏன் இல்லை?" என்று என்னை இங்கே கேட்காத ஆள் இல்லை. ஜைனர் என்றால் மார்வாடி, குஜராத்தி என்றே பலர் நினைக்கிறார்கள். வந்தவாசி, செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர்களுக்கு வழக்கமான பட்டம் 'நயினார்'. நாயனார் என்பதன் திரிபு, தலைவர் என்று பொருள். சைவத்தில் நாயன்மார் என்பதும் இதே வேர்தான். தென் தமிழ்நாட்டு முஸ்லிம்களிலும் நயினார் என்ற பெயர் உண்டு. ஒரே தமிழ்ச் சொல் மூன்று சமயத்தாருக்கும் பொது என்று நான் சொன்னால் மராத்தி நண்பர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

தமிழனுக்கு மூன்று கட்டம் இருந்ததா?

இருந்தது. சங்கப் புலவர் ஒருவரின் முழுப் பெயரைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர் மதுரை, தகப்பனார் கணக்காயர், அதாவது ஆசிரியர், தன் பெயர் நக்கீரர். இதற்குமேல் எந்தப் பாரத்தில் என்ன கேட்டுவிடப் போகிறார்கள்? மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வியாபாரி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வியாபாரி. கடை வைத்தவனும் கவி பாடியிருக்கிறான் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

ஏட்டில் மட்டுமல்ல, கல்லிலும் இருக்கிறது. மதுரைக்கு அருகே அழகர்மலைக் குகையில் சமண முனிவர்களுக்காகக் கொடை கொடுத்தவர்கள் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அதில் உப்பு வணிகர், அறுவை வணிகர் எல்லாம் வருகிறார்கள். கரூர் பக்கத்துப் புகளூரில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்று ஒருவர். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய விசிட்டிங் கார்டு!

ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். இவை அந்தந்த ஆளுக்கு உரிய அடையாளம். துணி வியாபாரியின் மகன் ஆசிரியரானால் அவன் 'அறுவை வாணிகன்' ஆகமாட்டான். பெயர் ஆளோடு முடிந்தது, குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளவில்லை.

அப்படியானால் தலைமுறைத் தொடர்ச்சி எங்கே? அது 'பேரன்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். இதற்கு நோபல் பரிசு வாங்கிய சாட்சியே உண்டு. சி.வி. ராமனின் 'சி' அவர் தந்தை சந்திரசேகர ஐயர். ராமனின் அண்ணன் சுப்பிரமணிய ஐயர் தம் மகனுக்குப் பாட்டனார் பெயரையே வைத்தார், சந்திரசேகர். 1930-ல் சித்தப்பாவுக்கும் 1983-ல் அண்ணன் மகனுக்கும் நோபல் பரிசு. ஒரே குடும்பம் என்று வெள்ளைக்காரனுக்குப் பெயரைப் பார்த்தால் தெரியாது. நமக்குத் தெரியும். பிள்ளைக்கு இனிஷியலாக நின்ற பெயர் பேரனுக்குச் சொந்தப் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது.

பட்டம் போன விதம்

ஐயர், முதலியார், பிள்ளை, நாயுடு என்ற பட்டங்கள் தமிழ்நாட்டிலும் பெயரோடு வழங்கியவைதான். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. பெரியாரும் 'நாயக்கர்' பட்டத்தை விட்டார். நாளடைவில் ஊரே விட்டது. மிஞ்சியது இனிஷியல். பெயரைக் கேட்டவுடன் சாதி தெரியாத வழக்கம் இந்தியாவில் வேறு எங்கும் இவ்வளவு பரவவில்லை. மூன்றாவது கட்டத்தை நிரப்பும்போது நாம் எதை விட்டு வந்தோம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

அதற்கு முன்பே கடல் கடந்தவர்கள் கதை வேறு. தென்னாப்பிரிக்காவில் கவுண்டர் 'கோவெந்தர்' ஆகவும், முதலியார் 'மூட்லி' ஆகவும் நிலைத்துவிட்டன. மலேசியாவில் மகனுக்கு 'அனாக் லெலாக்கி', மகளுக்கு 'அனாக் பெரெம்புவான்' என்று சுருக்கெழுத்துப் போட்டுத் தகப்பன் பெயரை எழுதுகிறார்கள். நம் வழக்கம் அங்கே மலாய் உடையில் வாழ்கிறது.

நேர் எதிர்த்திசையில் ஒரு கதை. 1670-களில் வெங்கோஜி தஞ்சையைப் பிடித்தபின் மராத்தியர் பலர் காவிரிக் கரையில் குடியேறினார்கள். அரச குடும்பம் போன்ஸ்லே என்ற பெயரை விடவில்லை. மற்றவர்களில் பலர் நம்மைப் போலவே இனிஷியலுக்கு மாறினார்கள். 1828-ல் கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்றுக்கும் திவானாக இருந்த ராஜா சர் டி. மாதவ ராவ் பெயரில் ஆட்நாவ் எங்கே? முன்னால் நிற்கும் 'டி' தஞ்சாவூர்! அங்கே போன மராத்தியர் ஆட்நாவை விட்டார், இங்கே வந்த தமிழர் ஆட்நாவைத் தேடுகிறார்.

உலகத்தில் நாம் தனியாள் இல்லை

குடும்பப் பெயர் இல்லாதது ஏதோ குறை என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது. ஐஸ்லாந்தில் இன்றும் தகப்பன் பெயரோடு 'மகன்', 'மகள்' சேர்ப்பதே வழக்கம். பர்மியருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஜப்பானில் சாமானியர் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று 1875-லும், துருக்கியில் 1934-லும் சட்டம் போட்டார்கள். அரசாங்கத்தின் வரிக்கும் பட்டாளத்துக்கும் கணக்கு வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

இது ஏட்டு விஷயம் மட்டுமல்ல. என் உறவினர் ஒருவர் காலமானபோது, "அப்பாவுக்கும் மகனுக்கும் ஆட்நாவ் ஒன்றாக இல்லையே, வாரிசு என்று எப்படி நம்புவது?" என்று ஓர் அலுவலகத்தில் எட்டு மாதம் அலையவிட்டார்கள். வெளிநாட்டிலும் இதே தொல்லை. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசாவில் 'முதல் பெயர் தெரியாது' என்று பொருள்படும் மூன்றெழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குக் கட்டுப்பாடே விதித்தது.

ஆகவே நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான். பிறப்புச் சான்றிதழ் எழுதும் முன்பே பெரியவர்கள் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். தகப்பனார் பெயரோ, பாட்டனார் பெயரோ, ஊர்ப் பெயரோ, எதையும் வைக்கலாம். ஆனால் உடன்பிறந்தவர்களுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி வேண்டும். கல்யாணமான பெண் பெயர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. படித்த சான்றிதழில் உள்ள பெயரே தொடர்ந்தால் பாதித் தொல்லை தீரும். மகாராஷ்டிரத்தில் 1.5.2024 முதல் பிறந்த குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயார் பெயரும் கட்டாயம். குழந்தை, தாய், தந்தை, ஆட்நாவ் என்று இப்போது நான்கு கட்டம். நக்கீரர் காலத்திலும் இல்லாத நல்ல ஏற்பாடு என்பேன்.

கடைசியாக ஒன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் கடைகளுக்கு 'விலாசம்' என்று ஒன்று உண்டு. பாட்டன், தகப்பன், மகன் எல்லோருடைய முதலெழுத்தும் வரிசையாக நிற்கும். அதைப்போல ஒரு நோட்டில் ஐந்து தலைமுறை ஆண், பெண் எல்லோர் பெயரும், சொந்த ஊரும், அந்தப் பெயர்களின் பொருளும் தமிழில் எழுதிவையுங்கள். பாரத்தில் எது ஏறினாலும் பிள்ளைகளுக்குத் தங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். எழுதத் தெரிந்த தாத்தா, பாட்டி வீட்டில் இருக்கும்போதே இந்தத் தீபாவளி விடுமுறையில் உட்கார்ந்துவிடுங்கள்.