வால் முளைத்த பதர்

மேட்டூர்த் தண்ணீர் கடைமடை வரை வந்து வயலில் தேங்கியதும், கோடையில் மண்ணுக்குள் மூடியை இறுக்கிக்கொண்டு கிடந்த நத்தைகள் நகரத் தொடங்கும். பின்னாலேயே நத்தைகுத்தி நாரையும் வந்துவிடும். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்கள் அறுத்துப் பார்த்த ‘பைலா’ இந்த வயல் நத்தைதான்.

பைலா பாடத்தில் மனப்பாடம் செய்து கடந்துபோகிற ஒரு செய்தி உண்டு. ஆண் நத்தைக்கு இரண்டு வகை விந்தணுக்கள். ஒன்று நூல்போல மெலிந்தது. கரு உண்டாக்குவது அதுதான். மற்றொன்று தடித்து, சற்றே வளைந்து, பின்னால் கொத்தாக வால்கள் கொண்டது. அதனால் கரு உண்டாகாது.

நெல் தூற்றுகிற ஊரில் இதைப் பதர் என்று ஒதுக்கத்தான் தோன்றும். ஆனால் நெல்லில் பதர் என்பது பால் பிடிக்காமல் தவறிப்போனது. நத்தையின் விந்தகமோ இந்தப் பதரை முறை தவறாமல், ஏராளமாகச் செய்கிறது.

செய்கிற விதம் வேடிக்கையானது. இதைத் துருவிப் பார்த்தது ஐரோப்பியக் குளத்து நத்தையில். நம் வாய்க்கால்களில் ஊரும் பெல்லாமியா அதற்குப் பங்காளி. முட்டையிடாமல் குட்டி போடும், ஆணின் வலது உணர்கொம்பே புணர்உறுப்பு. 1903-இல் ஜெர்மானியர் மேவெஸ் இந்தப் பதர் அணுவுக்கு ‘ஒலிகோபைரீன்’, அதாவது உட்கரு குறைந்தது, என்று பெயர் வைத்தார். அது உருவாகும்போது பெரும்பாலான குரோமோசோம்கள் பிரிந்து ஒழுங்காகப் போய்ச் சேராமல் சிதைந்துவிடும். மிஞ்சுவது துளி உட்கரு. வால்கள் எங்கிருந்து வந்தன? 1961-இல் ஜோசப் கால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். வாலுக்கு அடிக்கட்டை சென்ட்ரியோல் என்னும் நுண்குழல். சாதாரணச் செல்லில் ஒரு சென்ட்ரியோல் பக்கத்தில் ஒன்றுதான் புதிதாக முளைக்கும். இங்கே ஒன்றைச் சுற்றிப் பல, வாழையடியில் பக்கக்கன்றுகள் வெடிப்பதுபோல. கன்றுக்கொரு வால்.

பரம்பரைச் சொத்தைத் தொலைத்துவிட்டு வாலாக வாங்கிக் குவித்த இந்த அணு எதற்கு? போட்டிக்கு என்பது ஒரு கட்சி. ஆண்கள் மிகுந்த தொட்டிகளில் வளர்த்த ஐரோப்பிய நத்தைகளுக்கு இந்த அணு நீண்டிருந்ததை 1998-இல் ஓர் ஆய்வு காட்டியது. துணைக்கு என்பது இன்னொரு கட்சி. அதற்குச் சாட்சி திருபுவனத்துத் தறிகளுக்கு இழை தரும் பட்டுப்பூச்சி. அதன் பதர் அணு உட்கருவையே வெளியே தள்ளிவிடும். மரபணுவில் கைவைத்து அந்தப் பதரை மட்டும் கெடுத்துப் பார்த்தார்கள். நல்ல விந்தணுக்கள் பெண்பூச்சியின் விந்துப்பையைப் போய்ச் சேரவே இல்லை.