மான் வேட்டைக்கு எந்த ரிவால்வர் என்று கேட்பதற்கு முன்

அக்டோபர் பிறந்தால் டெக்சாஸில் இருக்கும் நம்மவர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "மான் வேட்டைக்கு .357 போதுமா, .44 வாங்கட்டுமா?" கூட வேலை பார்க்கும் அமெரிக்கர் யாராவது தன் மாமனார் பண்ணைக்குக் கூப்பிட்டிருப்பார். நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் தொடங்கிவிடும். அதற்குள் இவர் யூடியூபில் கிடைத்ததையெல்லாம் பார்த்து முடித்திருப்பார். குழல் நீளம், குண்டின் எடை, எந்தக் கம்பெனி என்று மனப்பாடமாக ஒப்பிப்பார். "எந்த விசாவில் இருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் மட்டும் முழிப்பார்.

விசாவுக்கும் துப்பாக்கிக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 என்று குடியேறாதோர் விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது ஃபெடரல் குற்றம். 1998 முதல் இதுதான் சட்டம். 2022-இல் தண்டனையின் உச்சத்தைப் பத்து ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள். சிறைக்குப் போகாமல் தப்பினாலும், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றவரை நாடு கடத்தக் குடியேற்றச் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. கிரீன் கார்டுக்குப் பத்து வருடம் வரிசையில் நின்றவர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"வைத்திருப்பது" என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும்தான் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் வைத்திருந்ததுதான். மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, விசா நிலையை இழந்த ரெஹைஃப் என்பவர் ஃபுளோரிடாவில் ஒரு சுடுதளத்தில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டார். அதற்குத்தான் வழக்கு, தண்டனை எல்லாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. அதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம். பாஸ்போர்ட்டில் எச்-1பி முத்திரையை வைத்துக்கொண்டு "என் நிலை எனக்குத் தெரியாது" என்று எந்த நீதிபதியிடம் சொல்வீர்கள்? "சட்டம் தெரியாது" என்பது வேறு. அது எங்கும் செல்லாது.

இதை யாராவது முன்கூட்டிச் சொல்கிறார்களா என்றால், இல்லை. சுடுதளத்தில் நீட்டும் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். நம்மவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு செல்ஃபி எடுப்பார். போதாக்குறைக்கு, 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம் என்று சட்டம் வந்ததா, "இங்கே எதுவும் வேண்டாம், தம்பி" என்று அறிவுரை சொல்ல ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. அந்த மாநிலச் சட்டம் ஃபெடரல் சட்டம் தடுத்தவர்களுக்குப் பொருந்தாது.

வழியே இல்லையா? இருக்கிறது. மிகச் சுலபமான, மிக மலிவான வழி. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால், விசாவில் இருப்பவருக்கும் அந்தத் தடை விலகுகிறது. சட்டத்திலேயே எழுதிய விதிவிலக்கு இது. விசா நிலையை இழந்து சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவருக்கு இது கிடையாது. அவர் துப்பாக்கிப் பக்கமே போகக் கூடாது.

டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைக்கு இறங்கப் பொதுவாக 'ஹன்டர் எஜுகேஷன்' பயிற்சி முடித்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர் ஆன்லைனிலேயே முடிக்கலாம். அடுத்து டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்திலோ, வேட்டைச் சாமான் விற்கும் கடையிலோ லைசென்ஸ் வாங்க வேண்டும். டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவர் உள்ளூர்வாசிக் கணக்கில் வருவார். எச்-1பி என்பதால் வெளியூர்க் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. உள்ளூர்வாசிக்கு 25 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 315 டாலர். மின்கட்டண ரசீது போன்ற வசிப்பிடச் சான்றுகளை எடுத்து வையுங்கள்.

இந்த லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். எப்போது வாங்கினாலும் அன்றுதான் முடியும். ஜூலையில் வாங்கியவருக்கும் ஆகஸ்ட் 31தான். செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் ரிவால்வர் இருந்து, புது லைசென்ஸ் கையில் இல்லை என்றால், நீங்கள் தூங்கி எழுவதற்குள் குற்றவாளி ஆகிவிட்டீர்கள். கார் இன்ஷூரன்ஸ் தவறினால் அபராதத்தோடு போகும். இது அப்படிப் போகாது. புது லைசென்ஸ் ஆகஸ்ட் 15 வாக்கில் விற்பனைக்கு வருகிறது. அந்த வாரமே வாங்கிவிடுங்கள். வேலைக்காக வேறு மாநிலம் மாறுகிறவர்கள் இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள்: துப்பாக்கியைப் பெட்டியில் போடுகிறார்கள், லைசென்ஸை மறந்துவிடுகிறார்கள். புதுப்பிக்கப் போவதில்லை என்றால், தேதி முடிவதற்கு முன்பே துப்பாக்கியையும் தோட்டாவையும் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் விற்று ரசீது வாங்கி வையுங்கள். முடிந்த பிறகு அல்ல. முடிவதற்கு முன்பு.

வாங்கும்போது கடையில் ஃபார்ம் 4473 கொடுப்பார்கள். அதில் எந்த நாட்டுக் குடிமகன், குடியேறாதோர் விசாவில் வந்தவரா, அப்படியானால் விதிவிலக்கு உண்டா என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் அடிக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போது வயிறு எரிகிறது. விசாவில் வந்தவர் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். அடுத்த கேள்வியில் விதிவிலக்கு உண்டு என்று எழுதி, வேட்டை லைசென்ஸைக் காட்ட வேண்டும். கடைக்காரர் நகல் எடுத்துப் படிவத்தோடு இணைப்பார். தற்போதைய முகவரி உள்ள ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் (சிபிபி) தளத்திலிருந்து அன்றே இறக்கிய ஐ-94 அச்சு ஆகியவற்றையும் கொண்டுபோங்கள். படிவத்தில் ஐ-94 எண் கேட்பார்கள். பொய் எழுதினால் அது தனிக் குற்றம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் மட்டுமே வாங்க முடியும். பக்கத்து மாநிலக் கண்காட்சியில் மலிவு என்று ஓடாதீர்கள்.

"நண்பர் கிரீன் கார்டு வைத்திருக்கிறார், அவர் பெயரில் வாங்கிக்கொள்கிறேன்" என்ற யோசனை வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொருவருக்காக வாங்குவதற்கென்றே 2022-இல் தனிக் குற்றப்பிரிவு வந்துவிட்டது. அதற்கும் 15 ஆண்டு வரை. தடை உள்ளவர் என்று தெரிந்தே துப்பாக்கியைக் கையில் கொடுத்த பண்ணைக்கார நண்பரும் மாட்டுவார்.

படிவம் முடிந்ததும் கடைக்காரர் எஃப்பிஐயின் 'நிக்ஸ்' பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பெயர்க் குழப்பத்தால் நம்மவர்களுக்கு அங்கே இழுபறி ஆகலாம். அப்பா பெயர் கடைசிப் பெயராக, இனிஷியல் முதல் பெயராக ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறதல்லவா? "தாமதம்" என்று பதில் வந்தால் அது மறுப்பு அல்ல. மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால், 21 வயது கடந்தவருக்குத் துப்பாக்கியைக் கொடுக்கலாமா என்பது கடைக்காரர் விருப்பம். "மறுப்பு" என்று வந்தால் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நிக்ஸ் பரிவர்த்தனை எண்ணை வாங்கிக்கொண்டு எஃப்பிஐயிடம் மேல்முறையீடு செய்யுங்கள். திரும்பத் திரும்பத் தாமதம் ஆகிறவர் விரல்ரேகையோடு 'வாலன்டரி அப்பீல் ஃபைல்' என்ற கோப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏற்றுக்கொண்டால் தனி அடையாள எண் கொடுப்பார்கள். அடுத்த முறை அதைப் படிவத்தில் எழுதினால் குழப்பம் குறையும். இந்த வசதி இருப்பதைக் கடையில் எவரும் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வரலாம். அதற்கும் முதல் பதில் மாநில விதிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. தமிழர்கள் நிறைந்த நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கியால் மானைச் சுடவே அனுமதி இல்லை, மாசசூசெட்ஸிலும் இல்லை. ஒஹாயோவில் குழல் ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது; .357 அல்லது அதற்கு மேல், நேர்ச்சுவர் தோட்டாவாக இருக்க வேண்டும். கொலராடோவில் நான்கு அங்குலக் குழல், விரியும் குண்டு, 50 கஜத்தில் 550 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். டெக்சாஸ் தாராளம்: மானுக்கு ரிம்ஃபயர் தோட்டா கூடாது என்பதுதான் முக்கியத் தடை. அதாவது .22-ஐ எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். விதிகள் மாறும், அந்த வருடப் புத்தகத்தைப் பாருங்கள்.

.357 மேக்னம் 158 கிரெய்ன் குண்டு நான்கு அங்குலக் குழலிலிருந்து புறப்படும்போதே சுமார் 535 அடி-பவுண்டுதான். கொலராடோ 50 கஜத்தில் கேட்பதை அது குழல் வாயிலிலேயே தொடவில்லை. சட்டம் விட்டாலும், அது பழகிய கைக்கு, கிட்டத்தில், பக்கவாட்டாக அசையாமல் நிற்கும் மானுக்கு மட்டும். புதியவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; அடிபட்ட மான் புதருக்குள் ஓடி இரண்டு நாள் கழித்துச் சாவதற்கு யார் பொறுப்பு? .44 மேக்னம் 240 கிரெய்ன் குண்டு சுமார் 740-இல் புறப்பட்டு 50 கஜத்தில் 620 வாக்கில் நிற்கிறது. வெண்வால் மானுக்கு அது போதும். .454 கசுல் போன்றவை எதற்கு? உதைப்பைத் தாங்க முடியாமல், விசை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்தான் மிஞ்சும். .44 மேக்னம் ரிவால்வரில் .44 ஸ்பெஷல் தோட்டாவும் போகும். பயிற்சியை அதில் தொடங்குங்கள், உதைப்பு குறையும். ஆறு அங்குலத்திலிருந்து ஏழரை அங்குலம் வரை குழல் வைத்துக்கொண்டால் குறி நிற்கும்.

எவ்வளவு தூரத்தில் சுடலாம் என்று புத்தகம் சொல்லாது, காகிதத் தட்டு சொல்லும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி ஏறக்குறைய எட்டு அங்குலம். அந்த அளவுத் தட்டை வைத்து, மேசையில் முட்டுக் கொடுக்காமல் ஆறு தோட்டா சுடுங்கள். ஆறும் தட்டில் விழும் தூரம்தான் உங்கள் எல்லை. அது 25 கஜம் என்றால் 25 கஜம்தான்.

ரிவால்வருக்கென்று ஒரு ஆபத்து உண்டு. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சந்தில் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். ரைஃபிள் பழக்கத்தில் இடது கையை முன்னால் கொண்டுபோய்ப் பிடிப்பவர் விரலை அது கிழித்துவிடும். விரல்கள் உருளைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் மேக்னத்தை ஒரே ஒரு முறை சுட்டாலும் கேட்கும் திறன் நிரந்தரமாகக் குறையலாம், காட்டிலும் போடுங்கள். 1973-க்கு முந்தைய பழைய ரூகர் ஒற்றை இயக்க ரிவால்வர் கைக்கு வந்தால், சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுங்கள். இல்லாவிட்டால் கீழே விழும்போது வெடிக்கலாம்.

வீட்டில் பெட்டகம் வேண்டும். சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கைக்குப் போனால் டெக்சாஸில் குற்றம். எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு வேட்டை லைசென்ஸ் இல்லை என்றால், சாவியும் எண்ணும் அவருக்குக் கிடைக்கும்படி இருக்கக் கூடாது. எட்டும் இடத்தில் இருந்தாலே அவர் வசம் இருப்பதாக வாதிட முடியும். அவருக்கும் ஒரு லைசென்ஸ் வாங்கிவிடுவது இதைவிட எளிது.

மானை வீழ்த்தியதும் லைசென்ஸோடு வந்த டேக்கை உடனே கட்டுங்கள். வண்டிக்குப் போய்க் கட்டலாம் என்று தள்ளிப் போட வேண்டாம். சில கவுன்டிகளில் ஆண் மானின் கொம்பு விரிவுக்கு அளவு உண்டு. மான்களைத் தாக்கும் நலிவு நோய் (சிடபிள்யூடி) பரவிய பகுதி என்றால் மானின் தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் சமையல்.

கடைசியாக டிசம்பர் விடுமுறை. வேட்டைக்குக் கொண்டுபோன அதே முதுகுப்பை, அதே ஜாக்கெட்டோடு சென்னைக்கு விமானம் ஏறுகிறார்கள். உள்பாக்கெட்டில் மறந்துபோன ஒரே ஒரு .44 தோட்டா இருந்தாலும் இந்திய விமான நிலையத்தில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். தெரிந்து வைத்திருக்கவில்லை என்று வாதாட வழியுண்டு, ஆனால் அதற்குள் பாஸ்போர்ட்டும் விடுமுறையும் நீதிமன்றத்தில் சிக்கியிருக்கும். வேட்டைக்கென்று தனிப் பை வாங்குங்கள். அதை ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் விமான நிலையத்தில் நீண்ட விளக்க வாக்குமூலம் எழுதிக் கொடுக்காமல், முதலில் வக்கீலைக் கூப்பிட வேண்டும். டெக்சாஸ் வேட்டை லைசென்ஸ், துப்பாக்கி வாங்கிய ரசீது இரண்டின் நகலும் வீட்டில் ஒருவரிடம் இருந்தால், அந்த வக்கீலுக்கு அன்றே அனுப்ப முடியும்.