காணாமற்போன இரண்டு பாட்டுகளும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கும்

சுங்கச்சாவடி ஒன்றினாலேயே சென்னைவாசிகள் பலருக்கும் பெயர் தெரியவந்த எங்கள் நாவலூரில், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி எழும்பியிருக்கும் அடுக்ககங்களில், கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர் ஒருவரேனும் இல்லாத வீடு அபூர்வம். ஆயினும் அண்டை வீட்டுப் பெரியவர், தம் மகளின் கல்யாணப் படங்கள் அடங்கிய பழைய கம்ப்யூட்டரை அத்தனை நிபுணர்களையும் தாண்டி என்னிடம் எடுத்துவந்தார். பகலில் வீட்டில் இருப்பவன் நான் ஒருவனே என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

"படத்தைத் திறந்தா ரொம்ப நேரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு சார். பேட் செக்டார் விழுந்திருக்கு, ஸ்கேன் போட்டு ரிப்பேர் பண்ணிடலாம்னு கடையில சொன்னாங்க. ராத்திரி பூரா ஓடுச்சு. இப்போ பாதிப் படத்தைக் காணோம்" என்றார். படங்கள் இருந்த இடத்தில், பெயரும் உருவமும் இழந்த துண்டுக் கோப்புகள் சில கிடந்தன.

கடைக்காரர் கெட்ட எண்ணத்துடன் செய்தவர் அல்லர். 'ரிப்பேர்' என்ற சொல்தான் அவரையும் ஏமாற்றியது. அது எங்ஙனம் என்று விளங்க, அந்த உலோகப் பெட்டிக்குள் நடப்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், அதாவது தூசி ஒன்று நுழையவும் இடமில்லாத உயரத்தில், எழுத்தாணியும் கண்ணும் ஒருங்கே ஆகிய 'ஹெட்' என்னும் நுண்ணிய உறுப்பு தட்டைத் தொடாமல் மிதந்து செல்கிறது. தட்டின் பரப்பு செக்டார் என்னும் சிறு பாத்திகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பாத்திக்கு 512 பைட் என்பது நெடுநாள் வழக்கம். இப்போதைய தட்டுகளில் உள்ளூர 4,096. ஒரு டெராபைட் தட்டில், பழைய கணக்குப்படி, 195 கோடிக்கும் மேற்பட்ட பாத்திகள் உண்டு. இத்தனை கோடியில் சில பழுதுபடுவது ஆச்சரியமன்று. முற்காலத்து ஹார்ட் டிஸ்க்குகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே, இன்ன இன்ன இடங்கள் உதவா என்ற பட்டியலை மேல்மூடியில் ஒட்டிக்கொண்டு வந்தன. இன்றைக்கும் அப்பட்டியல் இருக்கிறது. நம் கண்ணுக்குப் படாமல் உள்ளே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

பிற்பாடு தோன்றும் குறைகளுக்காக உபரிப் பாத்திகள் சில ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஓர் இடத்தில் எழுத முடியாவிடில், தட்டு அதனைக் கைவிட்டு, அதே எண்ணை உபரி இடம் ஒன்றுக்குச் சூட்டிவிடுகிறது. ஆனால் படிக்க முடியாமற்போன இடத்தை அவ்விதம் மாற்றுவதற்கில்லை. புதிய இடத்தில் எதை எழுதுவது? ஆகவே, பிறகாவது படிக்க இயலும் என்ற நம்பிக்கையில், அதனை 'நிலுவை' என்று குறித்து வைக்கிறது. இக்கணக்குகளையெல்லாம் 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாடு தட்டுக்குள்ளேயே பதிந்துவருகிறது; மாற்றப்பட்ட பாத்திகளின் தொகை 5 என்ற வரிசை எண்ணிலும், நிலுவையில் நிற்பவை 197 என்ற எண்ணிலும் வரும். பின்னதைச் சில மென்பொருள்கள் 'சி5' என்று காட்டும்.

நிலுவையில் நிற்பன எல்லாம் உண்மையிலேயே கெட்டவையும் அல்ல. ஐப்பசி மழையில் நொடிக்கொருதரம் போய்வரும் மின்சாரம், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால், அரைகுறையாய் எழுதப்பட்ட பாத்தி படிக்க வாராது. மேலே மறுபடி எழுதினால் அது குணமாகிவிடும். தட்டே கீறுண்டோ ஹெட் நலிந்தோ வந்த பழுதோ வேறு ஜாதி. அது இன்று பத்து, நாளை நூறு என்று பெருகும்.

இந்த நிலையில், கடைக்காரர் ஸ்கேன் என்று ஓடவிட்ட 'செக்-டிஸ்க்' என்ன செய்கிறது? அட்டவணையும் கோப்புகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்தாதவற்றைக் கத்தரித்து ஒழுங்கு செய்கிறது. நூலகத்தின் அலமாரி நேராக நிற்கவேண்டும் என்பதே அதன் கவலை. புத்தகத்தின் பக்கங்களைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. அதுவும், நலிந்த தட்டின் ஒவ்வொரு மூலையையும் இராமுழுதும் துருவி, அதன்மேலேயே திருத்தியும் எழுதுகிறது.

நலிந்த மூலத்தைத் திருத்துமுன் பிரதி எடுப்பதே முறை; நம்மவர்க்கு இது புதிதன்று. 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, கை பட்டாலே உதிர்ந்துபோகும் ஏடுகளுடன் தாம் பட்ட பாட்டைப் பதிப்புரையில் மனமுருக எழுதியிருக்கிறார். அத்தகைய சுவடியை ஒட்டிச் செப்பனிட்டுவிட்டுப் பிறகு படிப்போம் என்று எவரும் உட்காரவில்லை. தெரிந்தமட்டும் முதலில் பிரதி செய்துகொண்டு, ஆராய்ச்சியைப் பிரதியின்மேல் நடத்தினார்கள்.

'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருள் இந்த முறையையே கைக்கொள்கிறது. அந்தோனியோ டீயாஸ் டீயாஸ் என்பவர் ஆக்கிய இது, கோப்புகளைப் பற்றிக் கவலைப்படாமல் தட்டு முழுவதையும் பாத்தி பாத்தியாக வேறொரு நல்ல தட்டுக்குப் பெயர்க்கிறது. இடர்ப்பட்ட இடத்தில் நின்று மல்லாடாமல், தாண்டிச் சென்று, எளிதில் வருவனவற்றையெல்லாம் முதலில் வாரிக்கொண்டு, அதன்பின் விடுபட்ட இடங்களின் ஓரங்களிலிருந்து மெல்லச் சுரண்டத் தொடங்குகிறது. எது வந்தது, எது வரவில்லை என்பதைத் தனிக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவருவதால், நடுவே நிறுத்தி மறுநாளும் தொடரலாம். மூலத்தையும் பிரதியையும் மாற்றிக் குறிப்பிட்டுவிட்டால் மட்டும் சர்வநாசம்; கட்டளையை இரண்டு தரம் படித்துவிட்டே விசையை அழுத்த வேண்டும்.

கிடைக்காத பாத்தியின் ஸ்தானத்தை அது வெற்றிடமாக விட்டுவைப்பதே என்னை மிகவும் கவர்ந்தது. உ. வே. சாமிநாதையர் 1894-இல் முதன்முதலாக அச்சிட்ட புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எனினும் 269 என்பது 267 ஆகிவிடவில்லை. எண் நகர்ந்திருந்தால், அதற்குப் பின்வரும் பாட்டுகள் எல்லாம் இடம் மாறியிருக்கும். தட்டிலும் அப்படியே: ஒரு பாத்தி சுருங்கினால் அதற்கு அப்பாலுள்ள கோடிக்கணக்கான பாத்திகளின் விலாசம் பிழைபட்டுவிடும்.

பெரியவரின் தட்டைப் பிரதி எடுக்க இரண்டு பகலும் ஓர் இரவும் ஆயின. பின்னர்ப் பிரதியிலிருந்து படங்களைத் தேடி மீட்டதில் பெரும்பாலானவை வந்தன. தாலி கட்டும் படத்தில் கீழ்ப்பாதி சாம்பல் நிறம். முதல் நாளே பிரதி எடுத்திருந்தால் அதுவும் வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம், அவரிடம் சொல்லவில்லை.

தட்டு 'டக், டக்' என்று அடித்துக்கொண்டால் இவற்றில் எதையும் வீட்டில் முயலாமல், உடனே மின்சாரத்தை நிறுத்தி, தூசியற்ற அறையில் பெட்டியைத் திறக்கும் வசதியுள்ளவர்களிடம் ஒப்படைப்பதே வழி. சத்தமில்லாத தட்டு வைத்திருக்கும் வாசகர்கள் இன்று மாலையே அந்த 197 என்ற எண்ணைப் பார்த்து, எதிரே 'ரா' (raw) மதிப்பில் சுழியம் அல்லாத எதுவும் நின்றால், வேறொரு தட்டில் பிரதி எடுக்கத் தொடங்கிய பிறகே இரவு உணவுக்கு எழுந்திருக்குமாறு வேண்டுகிறேன்.