டாமைத் தாங்குவது எது?

கல்லூரி விழா மேடையில் டிரம்ஸ் செட்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே படுத்திருப்பது பேஸ் டிரம். அதற்கு மேலே சாய்வாக நிற்கும் சின்ன டிரம்தான் டாம். அது எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுன்னு யாராவது கவனிச்சதுண்டா? பாட்டு நடுவுல தலை கவிழ்ந்தா மட்டும்தான் கவனிப்போம்!

சர்ச்சுக்கோ கச்சேரிக் குழுவுக்கோ பழைய செட் ஒன்று கைமாறி வரும். டிரம் நன்றாகவே இருக்கும்; மவுண்ட் மட்டும் காணாமல் போயிருக்கும். உடனே ஒருத்தர் டிரில்லிங் மிஷினைத் தூக்குவார். அங்கேதான் நாம் குறுக்கே நிற்க வேண்டும். மரக்கூட்டில் போட்ட ஓட்டையைத் திரும்ப அடைத்துப் பழையபடி ஆக்க முடியாது. பழைய செட்டின் மதிப்பும் அந்த ஓட்டை வழியாகவே இறங்கிவிடும்.

முதலில் வகையைப் பாருங்கள்

1960-களின் லுட்விக் செட்டுகளில் பேஸ் டிரம் மேல் தண்டவாளம் மாதிரி ஒரு பட்டை இருக்கும். டாம் ஹோல்டர் அதில் முன்னும் பின்னும் நகரும். ராஜர்ஸ் கம்பெனியின் 'ஸ்விவ்-ஓ-மேட்டிக்' வகையில் அறுகோணக் கம்பியும் உருண்டை மூட்டும் இருக்கும். பழைய பேர்ல் செட்டுகளில் 7/8 அங்குலக் குழாய் டாம் கூட்டுக்குள்ளேயே நுழையும். இருக்கிற ஓட்டைகளின் இடைவெளியே எந்த வகை என்று சொல்லிவிடும். அதே வகையைத் தேடிப் போடுவதுதான் முதல் வழி.

வெர்னியரை எடுங்கள்

எல் வடிவக் கம்பிகள் பெரும்பாலும் 9.5, 10.5, 12.7 மி.மீ. அளவுகளில் வரும். 10.5 மி.மீ. பிராக்கெட்டில் 9.5 மி.மீ. கம்பியைப் போட்டு விங் நட்டை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினால் என்ன ஆகும்? பிராக்கெட் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தது; விரிசல் விட்டுவிடும். அளவு சரியாக இருந்தும் கம்பி நழுவுகிறதா? நழுவும் பக்கத்தைத் தடுக்கும்படி பிராக்கெட்டை ஒட்டிக் கம்பியில் ஒரு ஹோஸ் கிளாம்ப் போடுங்கள். எடையை அது தாங்கிக்கொள்ளும்.

மரையிலும் கவனம் வேண்டும். அமெரிக்க டிரம்களின் டென்ஷன் ராடு பெரும்பாலும் 12-24 மரை. அதாவது குறுக்களவு சுமார் 5.5 மி.மீ., அங்குலத்துக்கு 24 மரை. கைக்குக் கிடைத்த எம்6 போல்ட்டை அழுத்தித் திருகினால் நட்டின் மரை காலி! மரை கேஜ் வைத்துப் பார்த்த பிறகே கடைக்குப் போங்கள்.

ஓட்டையே போடாத வழிகள்

டாமில் பிராக்கெட்டே இல்லையா? 12, 13 அங்குல டாமை ஸ்நேர் ஸ்டாண்டில் உட்கார வைக்கலாம். ஆனால் ஸ்டாண்டின் கைகளை இறுக்கிப் பிடிக்க விடக்கூடாது.

இன்னொரு வழி 'ரிம்ஸ்'. கேரி காகர் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. டாமின் மேல் வளையத்தை ஒட்டி ஒரு வளைந்த பட்டை; டென்ஷன் ராடுகளோடு ரப்பர் வாஷர் வைத்துச் சேரும். டாம் அதில் தொங்கும், கூட்டில் ஆணி கிடையாது.

ஏன் ரப்பர்? இதற்கு விடை நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாராகிறது. காரில் இன்ஜினை ரப்பர் மவுண்ட் மேல்தான் உட்கார வைக்கிறார்கள், அதிர்வு பாடிக்குப் போகாமல் இருக்க. டாமிலும் அதே தத்துவம்தான், நோக்கம் மட்டும் தலைகீழ்! இங்கே அதிர்வுதான் நமக்கு வேண்டிய சரக்கு. அது ஸ்டாண்டுக்குப் போய் வீணாகாமல் கூட்டிலேயே இருக்க வேண்டும்.

காதே கேஜ்

வாங்கும் முன் ஒரு சோதனை. டாமின் வளையத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு மவுண்டில் மாட்டித் தட்டுங்கள். நாதம் எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகுதோ, அவ்வளவையும் அந்த மவுண்ட் தின்னுதுன்னு அர்த்தம். குறைவாகத் தின்பதும், நழுவாமல் பிடிப்பதும், புது ஓட்டை கேட்காததும் எதுவோ, அதை வாங்குங்கள்.

டிரில்லிங் மிஷின் ஒர்க் ஷாப்பிலேயே இருக்கட்டும்!